க்ராப் சென்சாரிலிருந்து ஃபுல் ஃப்ரேமுக்கு: லென்ஸை முடிவு செய்துவிட்டு பாடியைத் தேடுங்கள்

கேனன் 1500டி, 200டி, நிக்கான் டி5600, டி7200. தமிழ்நாட்டில் கல்யாண வேலையில் இறங்குபவர்களில் பலர் தொடங்குவது இந்த மாதிரி ஒரு க்ராப் சென்சார் (படம் பதியும் சில்லு சின்னதாக உள்ள) டிஎஸ்எல்ஆரில்தான். இரண்டு மூன்று சீசன் போனதும் ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் ஆசை வருகிறது. அப்போது கையிலிருக்கும் பணத்தையெல்லாம் பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமரா) கொட்டி, கூட வந்த கிட் லென்ஸையே மாட்டிக்கொண்டு முகூர்த்தத்துக்குப் போனால், படம் பழைய கேமராவில் எடுத்தது போலத்தான் இருக்கும். சில இடங்களில் அதைவிட மோசமாகவும் வரும். காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

ஒன்றேகால் ஸ்டாப்

ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36×24 மி.மீ. நிக்கான், சோனி க்ராப் சென்சார் சுமார் 23.5×15.6; கேனன் க்ராப் இன்னும் சற்றுச் சின்னது, 22.3×14.9. பரப்பளவில் முன்னதைவிட ஃபுல் ஃப்ரேம் 2.4 மடங்கு, பின்னதைவிட 2.6 மடங்கு பெரிது. அபெர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) ஷட்டரும் மாறாமல் இருந்தால் மொத்த ஒளியும் அத்தனை மடங்கு கூடுதலாக விழும். ஸ்டாப்பில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) சொன்னால் ஒன்றேகால், ஒன்றரைக்குள். பழைய பாடியில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 3200ல் பார்த்த குருணை (நாய்ஸ்), அதே தலைமுறை ஃபுல் ஃப்ரேமில் 7500, 8000 வாக்கில்தான் தெரியும். சென்சாரின் அளவால் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான்.

இந்த லாபத்தை ஒரு மந்தமான லென்ஸ், அதாவது திறப்பு சின்னதான லென்ஸ், முழுசாக விழுங்கிவிடும். எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சுருங்கும். க்ராப் பாடியில் 17-50 எஃப்/2.8 ஜூம் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். சென்சார் அகலங்களின் விகிதமான 1.5ஆல் பெருக்கினால் அது ஃபுல் ஃப்ரேமில் 26-75, எஃப்/4.2 லென்ஸுக்குச் சமம். ஆக, ஃபுல் ஃப்ரேம் வாங்கி 24-105 எஃப்/4 மாட்டினால் குருணையிலும் பின்புல மங்கலிலும் நின்ற இடத்திலேயேதான் நிற்பீர்கள். கேனனின் விலை குறைந்த ஆர்எஃப் 24-105 எஃப்/4-7.1 மாட்டினால் பின்னுக்கே போவீர்கள். மண்டபத்துக்குள் எஃப்/2.8, 1/200, ஐஎஸ்ஓ 3200 என்று வருகிற வெளிச்சத்தில் எஃப்/7.1 வைத்தால் ஐஎஸ்ஓ 20,000ஐத் தொடும். ஒன்றேகால் ஸ்டாப் சம்பாதித்து இரண்டே முக்கால் ஸ்டாப் செலவழித்த கதை.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. 1500டியில் மொத்தம் 9 ஃபோகஸ் புள்ளிதான். அங்கிருந்து கண்ணைத் தேடிப் பிடிக்கும் இன்றைய மிரர்லெஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வந்தால், எந்த லென்ஸாக இருந்தாலும் ஃபோகஸ் தப்பிய படங்கள் கணிசமாகக் குறையும். ஆனால் அந்த வசதி க்ராப் மிரர்லெஸிலும் இருக்கிறது. அது ஒன்றுக்காக மட்டும் ஃபுல் ஃப்ரேம் விலை கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் உங்கள் பழைய படங்களைத் திறங்கள்

லைட்ரூம் மென்பொருளில் லைப்ரரி பகுதிக்குப் போய், மேலே ஃபில்டர் பட்டையில் மெட்டாடேட்டாவைத் தேர்ந்தெடுங்கள். பத்தியில் ஃபோகல் லெங்த், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு வருட வேலையில் ஆல்பத்துக்குப் போன படங்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எடுத்ததையெல்லாம் சேர்த்தால் கணக்கு குழம்பும்.

படங்கள் 18 மி.மீ.யில் குவிந்து கிடந்தால், அதற்குமேல் விரிக்க முடியாமல் முட்டி நின்றிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கேனன் க்ராப்பில் 18 என்பது ஃபுல் ஃப்ரேமின் 29, நிக்கானில் 27. அப்படிப்பட்டவர் 28-75 வாங்கினால் பழைய சுவரிலேயே மறுபடி முட்டுவார், 24ல் தொடங்கும் லென்ஸ்தான் வேண்டும். நாலு மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 28ல் அகலவாக்கில் 3.86 மீட்டர் அடங்கும், 24ல் 4.5 மீட்டர். பெண் வீட்டு ஹாலில் நலங்கு வைக்கும்போது, ஓரத்தில் நிற்கும் அத்தை படத்தில் இருப்பாரா இல்லையா என்பது அந்த 64 செ.மீ.யில் இருக்கிறது.

ஐஎஸ்ஓ பெரும்பாலும் 1600க்குக் கீழே, வெளிப்புறப் படங்களே அதிகம் என்றால் அப்கிரேடைத் தள்ளிப்போடுங்கள். இருக்கிற பாடிக்கே ஒரு 50 அல்லது 35 எஃப்/1.8, ஒரு நல்ல ஃப்ளாஷ் போதும். படங்கள் 250, 300 மி.மீ. முனையில் குவிந்து, வேடந்தாங்கல், கூந்தன்குளம் என்று பறவைகளாகவே இருந்தால் க்ராப்பிலேயே இருப்பது நல்லது. கேனன் க்ராப்பில் 250 தரும் கோணத்துக்கு ஃபுல் ஃப்ரேமில் 400 மி.மீ. வேண்டும், எடையும் விலையும் வேறு கட்டத்துக்குப் போய்விடும். நிக்கான் 180-600ஐக் கையில் தூக்கிப் பாருங்கள், ட்ரைபாட் காலரோடு இரண்டு கிலோவுக்கு மேல்.

பழைய லென்ஸ் புது பாடியில் என்ன ஆகும்

கேனன்காரர்களுக்கு வழி சுலபம். ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸ்கள், அதாவது 50 எஃப்/1.8 எஸ்டிஎம், 85 எஃப்/1.8, 70-200 வகைகள், இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டரில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் குறையில்லாமல் வேலை செய்யும். க்ராப்புக்கான இஎஃப்-எஸ் லென்ஸ்களும் (18-55, 55-250, 10-18) மாட்டும், ஆனால் கேமரா தானாகவே க்ராப்புக்குப் போய்விடும். 24 மெகாபிக்சல் பாடியில் மிஞ்சுவது 9 சொச்சம். 12×36 அங்குல ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க, அதாவது 12×18க்கு, அந்தப் படத்தை விரித்தால் அங்குலத்துக்கு 208 பிக்சல்தான் கிடைக்கும். அச்சில் சமாளிக்கலாம், வெட்டி எடுக்க இடமிருக்காது. இஎஃப்-எஸ் லென்ஸ்களைப் பழைய பாடியோடு சேர்த்தே விற்றுவிடுவது உத்தமம்.

நிக்கானில் கவனம் தேவை. பழைய லென்ஸை இசட் மிரர்லெஸ் பாடியில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டருக்குள் மோட்டார் கிடையாது. டி7200, டி7500 பாடிகளில் திருகு மோட்டார் இருப்பதால் 50 எஃப்/1.8டி போன்ற ஏஎஃப்-டி லென்ஸ்கள் அவற்றில் தானாக ஃபோகஸ் ஆகும். எஃப்டிஇசட் வழியாக இசட் பாடிக்கு வந்தால் கையால்தான் திருக வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கும் லென்ஸ்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. டிஎக்ஸ் (நிக்கானின் க்ராப்) லென்ஸ் மாட்டினால் இங்கும் க்ராப்தான். 24 மெகாபிக்சலில் 10 வரும்.

சோனிக்கு மாறுபவர்கள் பழசை முழுக்க விற்றுவிட்டு வருவதே புத்திசாலித்தனம். கேனன் லென்ஸை அடாப்டர் போட்டு சோனியில் ஓட்டலாம்தான். ஆனால் மணமகள் நடந்து வரும்போது ஃபோகஸ் தேடித் தேடித் தடுமாறினால் அந்த நடை திரும்ப வராது.

எந்த மவுண்ட்

பாடி மூன்று நான்கு வருடத்தில் மாறும், மவுண்ட் (பாடியில் லென்ஸ் பொருந்தும் இணைப்பு) பத்து வருடம் கூடவே வரும். அதனால் முதலில் ஒப்பிட வேண்டியது லென்ஸ் பட்டியலை.

சோனி இ-மவுண்டில் நடுத்தர விலை லென்ஸ்களுக்குப் பஞ்சமே இல்லை. டாம்ரான் 28-75 எஃப்/2.8 ஜி2 (540 கிராம்), சிக்மா 28-70 எஃப்/2.8 (470 கிராம்), சிக்மா 24-70 எஃப்/2.8 ஆர்ட், டாம்ரான் 70-180 எஃப்/2.8 என்று பல உண்டு. செகண்ட்ஸிலும் நிறையப் புழங்குகின்றன. வெளியார் லென்ஸ் மாட்டினால் தொடர்படம் வினாடிக்கு 15க்கு மேல் போகாது என்றொரு கட்டுப்பாடு சோனியில் உண்டு. கல்யாணத்துக்கு அது ஒரு பொருட்டல்ல.

கேனன் ஆர்எஃப்பில் பாடிகள் அருமையானவை, கதவு மட்டும் பாதி மூடியிருக்கிறது. சிக்மாவும் டாம்ரானும் ஆர்எஃப்புக்குச் செய்யும் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் இதுவரை க்ராப் சென்சாருக்கானவை. ஆகவே ஃபுல் ஃப்ரேம் எஃப்/2.8 ஜூம் என்றால் கேனனிடமே வாங்க வேண்டும். 2024ல் வந்த ஆர்எஃப் 28-70 எஃப்/2.8 ஐஎஸ் எஸ்டிஎம் இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது. 495 கிராம்தான், நடுக்கக் குறைப்பும் உள்ளே இருக்கிறது. கேனனின் உயர்தர எல் வரிசை 24-70 எஃப்/2.8 என்றால் 900 கிராம், விலையும் வேறு உலகம். கையில் நல்ல இஎஃப் லென்ஸ் இருப்பவர்களுக்கு கேனனைவிட்டுப் போக எந்தக் காரணமும் இல்லை.

நிக்கான் இசட் இரண்டுக்கும் நடுவில். நிக்கானின் சொந்த எஃப்/1.8 எஸ் வரிசை (50, 85) அந்த விலையில் மிகக் கூர்மையானவை. 24-120 எஃப்/4 எஸ் பகல் வேலைக்கும் வீடியோவுக்கும் ஒரே லென்ஸில் காரியத்தை முடிக்கும். எஃப்/2.8 வேண்டுமென்றால் நிக்கானின் 28-75 இருக்கிறது. டாம்ரானின் 35-150 எஃப்/2-2.8ம் இந்த மவுண்டுக்கு உண்டு.

பானசோனிக் எஸ்5 டூ வீடியோவை முதன்மையாகச் செய்பவர்களுக்கு நல்ல பாடி. ஆனால் முகூர்த்த நாளில் லென்ஸ் மக்கர் செய்தால் உங்கள் ஊரில் அந்த மவுண்டுக்கு வாடகை லென்ஸ் கிடைக்குமா, தெரிந்த சக போட்டோகிராபரிடம் கடன் வாங்க முடியுமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். இந்தக் கேள்வி எல்லா மவுண்டுக்கும் பொருந்தும். இணையத்தில் வரும் ஒப்பீடுகளைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

பாடி: நான்கே விஷயம்

முதலாவது, கார்டு ஸ்லாட். கல்யாணம் எடுப்பவருக்கு இரண்டு ஸ்லாட் கட்டாயம். இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வைக்க வேண்டும். கேனன் ஆர்8, சோனி ஏ7சி டூ இரண்டும் நல்ல கேமராக்கள், ஆனால் ஒற்றை ஸ்லாட். குடும்பப் படம், பயணம் என்றால் தாராளமாக வாங்கலாம். கூலி வாங்கிக்கொண்டு தாலி கட்டுவதை எடுப்பவர் ஆர்6 மார்க் டூ, இசட்5, இசட்5 டூ, ஏ7 த்ரீ, ஏ7 ஃபோர் பக்கம் பார்க்கட்டும்.

இரண்டாவது, பேட்டரி. ஆர்8ல் இருப்பது 1040 எம்ஏஎச் கொண்ட சின்ன எல்பி-இ17. ஆர்6 மார்க் டூவில் 2130 எம்ஏஎச். ஒரு நாள் வேலைக்கு முன்னதற்கு எத்தனை பேட்டரி கூடுதலாக வாங்க வேண்டும் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஷட்டர். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் மண்டபத்து எல்இடி விளக்குகளும் மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி திரையும் படத்தில் பட்டை பட்டையாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதில் நேரடியாக எரியும் விளக்குகள் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் வைத்தால் அந்தப் பட்டை அடங்கும். ஆட்கள் அசைவதால் 1/200 வேண்டும் என்றால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, ஆன்டி-ஃப்ளிக்கரைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆர்8ல் முழு மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை, முதல் திரை எலக்ட்ரானிக். அதில் உச்ச வேகம் 1/4000. உச்சி வெயிலில் எஃப்/1.8ல் எடுக்க 1/8000 தேவைப்படும். அந்தப் பாடியை வாங்கினால் ஒளியைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

நான்காவது, மெகாபிக்சல். 12×18 பக்கத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் நிரப்ப 5400×3600, அதாவது 19.4 மெகாபிக்சல் போதும். 24 மெகாபிக்சல் பாடி இதைத் தாண்டியே தருகிறது. 45 மெகாபிக்சல் வாங்கினால் ஹார்ட் டிஸ்க்கும் கணினியும் சேர்ந்தே மாற வேண்டிவரும்.

பாடிக்குள் நடுக்கக் குறைப்பு இருந்தால் நல்லது. ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் குறைக்கும். அட்சதை போடும் கை அசைவதை நிறுத்தாது.

லென்ஸ்: எதை, எந்த வரிசையில்

மொத்த பட்ஜெட்டில் பாதிக்கு மேல் லென்ஸுக்கு ஒதுக்குங்கள். அப்படி ஒதுக்கிய பிறகு புதிய பாடிக்குப் பணம் போதாவிட்டால் பாடியை ஒரு தலைமுறை பழசாக எடுங்கள். ஏ7 த்ரீயும் டாம்ரான் 28-75ம் சேர்ந்து, ஏ7 ஃபோரும் கிட் லென்ஸும் சேர்ந்து தருவதைவிட மண்டபத்துக்குள் நல்ல படம் தரும்.

முதல் லென்ஸ் எஃப்/2.8 ஸ்டாண்டர்ட் ஜூம். இரண்டாவதாக என்ன வாங்குவது என்பதில்தான் சண்டை. 85 எஃப்/1.8 அழகாக இருக்கும் என்று பலர் அங்கே தாவுகிறார்கள். சோனியின் 85 எஃப்/1.8 வெறும் 371 கிராம், தூக்க இதம், போர்ட்ரெய்ட்டுக்கு அருமை. ஆனால் முழு அபெர்ச்சரில் இரண்டு மீட்டர் தூரத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் ஆறு செ.மீ.தான். மணப்பெண்ணின் இமையில் ஃபோகஸ் விழுந்தால் காதுக்குப் பின்னாலிருக்கும் ஜடை கரைந்துவிடும். மாப்பிள்ளை அரை அடி பின்னால் நின்றால் அவர் முகமும் சேர்ந்து கரையும். ஜோடிப் படம் என்றால் மூன்று மீட்டர் தள்ளிப்போய் எஃப்/2.8க்கு மூடுங்கள். அங்கே 21 செ.மீ. கிடைக்கும், இருவரும் தோளோடு தோள் நின்றால் போதும்.

தாலி கட்டும் நேரத்தில் பிரச்சினை வேறு. வீடியோகிராபர், ட்ரோன்காரர், நாலு மாமன்மார் கைப்பேசியோடு நிற்பார்கள். மேடைக்குக் கீழே ஐந்து மீட்டரில்தான் உங்களுக்கு இடம். அங்கிருந்து 70 மி.மீ.யில் 2.57×1.7 மீட்டர் அடங்கும். புகையும் கூட்டமும்தான் படம். 135ல் 1.33×0.89 மீட்டர்: இரண்டு தலை, தாலியைப் பிடித்த கை, முடிச்சுப் போடும் நாத்தனாரின் விரல். 200ல் 90×60 செ.மீ., கழுத்தும் கையும் மட்டும். ஆகவே இரண்டாவது லென்ஸ் 70-180 அல்லது 70-200 எஃப்/2.8 ஆகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. 85 ப்ரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) மூன்றாவதாக வரட்டும். டாம்ரான் 35-150 இரண்டு வேலையையும் ஒரே லென்ஸில் செய்கிறது என்பது உண்மை, ஆனால் 1165 கிராம். விடியற்காலையிலிருந்து பந்தி முடியும்வரை கழுத்தில் தொங்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குரூப் போட்டோவுக்கென்று தனி லென்ஸ் வேண்டாம். 35 மி.மீ., நாலு மீட்டர், எஃப்/5.6 வைத்தால் 2.6 மீட்டரிலிருந்து 8.8 மீட்டர் வரை கூர்மை நிற்கும். மூன்று வரிசை என்ன, ஐந்தே நிற்கலாம். ஃபோகஸை முதல் வரிசைக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாக இழுபடாமலிருக்க, 24க்குப் போகாமல் பின்னால் நகர்ந்து 35லேயே எடுங்கள்.

கல்யாணம் அல்லாமல் வீடு, பயணம், குழந்தைகள் என்றால் இவ்வளவு சுமை தேவையில்லை. 24-105 அல்லது 24-120 எஃப்/4 ஒன்று, இரவுக்கு ஒரு 40 அல்லது 50 ப்ரைம். நிக்கான் 40 எஃப்/2 வெறும் 170 கிராம், கேனன் ஆர்எஃப் 50 எஃப்/1.8 160 கிராம்.

செகண்ட்ஸ் வாங்கும்போது

பேசுவதற்கு முன்னால் இதையெல்லாம் கையில் வைத்துச் சோதியுங்கள். அரை மணி நேரம் கொடுக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். ஒட்டடை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை; விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பையிலேயே கிடந்த லென்ஸ்களில் இது சகஜம். நாலு தூசி இருந்தால் கவலை இல்லை.

நாளிதழின் ஒரு தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, நேர் எதிரே முழு அபெர்ச்சரில் எடுங்கள், ஜூமின் இரு முனையிலும். நான்கு மூலை எழுத்துகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கல் என்றால் அது அந்த லென்ஸின் இயல்பு. மூன்று மூலை தெளிவாக இருந்து ஒன்று மட்டும் கரைந்தால், கீழே விழுந்து உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம்.

பாடியில் எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சார் அழுக்கு புள்ளியாகத் தெரியும்; அது துடைத்தால் போகும். மூடியைப் போட்டு ஒரு கறுப்புப் படமும் எடுத்து 100 சதவீதத்தில் பாருங்கள். இரண்டிலும் படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெல்லிய நிறக்கோடு ஓடினால் ரிசப்ஷன் லேசர் விளக்கு சென்சாரைச் சுட்டிருக்கலாம். அதற்குத் துடைப்பு கிடையாது, சென்சாரையே மாற்ற வேண்டும். கேனன், சோனி பாடிகளை அணைத்த நிலையில் குலுக்கினால் உள்ளே லொடலொடக்கும். நடுக்கக் குறைப்பு உள்ள சென்சார் அப்படித்தான் தளர்ந்து நிற்கும், பழுதல்ல.

நிக்கான், சோனியில் ஷட்டர் எண்ணிக்கை படக் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அப்போதே எடுத்த அசல் ஜேபெக் ஒன்றை எக்ஸிஃப் (படத்தோடு பதிவாகும் விவரங்கள்) படிக்கும் செயலியில் திறந்து பாருங்கள். இரண்டு ஸ்லாட்டிலும் கார்டு போட்டு எழுத வையுங்கள், ஹாட்ஷூவில் ஃப்ளாஷ் மாட்டி அடியுங்கள், 4கே வீடியோவை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதற்கு முன் பணத்தை எடுக்காதீர்கள். புதிதாக வாங்கும்போதும் இந்திய வாரண்டி அட்டை கேளுங்கள். வெளிநாட்டுச் சரக்கில் சேமிக்கும் பணம் முதல் ரிப்பேரிலேயே போய்விடும்.

மறந்துபோகும் செலவுகள்

வி60 முத்திரையுள்ள எஸ்டி கார்டு குறைந்தது வினாடிக்கு 60 எம்பி எழுதும். 24 மெகாபிக்சல் வேலைக்கு அது போதும். ஒரு ரா கோப்பு 30 எம்பி என்று வைத்தால் 2000 படத்துக்கு 60 ஜிபி. இரண்டு ஸ்லாட் என்பதால் கார்டும் இரட்டிப்பு. பிராண்டு மாறினால் ஃப்ளாஷ் ட்ரிகரும் (தள்ளி வைத்த ஃப்ளாஷை இயக்கும் கருவி) மாற வேண்டும், கேனனுக்கு வாங்கியது சோனியில் முழுசாகப் பேசாது. ஈரப்பதத்தை 40, 50 சதவீதத்தில் வைத்திருக்கும் ட்ரை கேபினெட் ஒன்றை இந்தச் செலவோடேயே சேர்த்துவிடுங்கள்.

பழைய பாடிக்குச் சந்தையில் சொற்ப விலைதான் வரும். ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் ஏதாவது அதில் பொருந்துமானால் விற்காமல் இரண்டாவது பாடியாக வைத்துக்கொள்வது மேல். 1500டியில் இஎஃப் 85ஐ மாட்டினால் 136 மி.மீ. கோணம் கிடைக்கும். அப்படி இரண்டு கேமராவோடு போவதென்றால், வேலைக்கு முந்தின இரவே இரண்டின் கடிகாரத்தையும் வினாடி சுத்தமாக ஒன்றாக வையுங்கள். இல்லாவிட்டால் லைட்ரூமில் நேரப்படி அடுக்கும்போது மாலை மாற்றுவதற்கு முன்னாலேயே தாலி ஏறியிருக்கும்.